பஸ் ஸ்டாண்டில் ஓர் உப்புக் குவியல்

ஷாலினி போன் செய்தபோது நான் மாடியில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மரக்காணம் பேரூராட்சியில் அந்தப் பெண் இப்போது இளநிலைப் பொறியாளர். சுறுசுறுப்பானவர், பெரியவர்களை மதிக்கத் தெரிந்தவர். என்னை இன்னும் யாரோ ஒருவர் அலுவலக விஷயத்துக்காகக் கூப்பிடுகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம ஊருக்கு 'ஐ லவ் மரக்காணம்' போர்டு சாங்ஷன் ஆயிருக்குது. லைட்டோட. பஸ் ஸ்டாண்டுல வெக்கச் சொல்றாங்க. அங்க வெள்ளையா ஒரு குவியல் இருக்குதுங்களே, அதத் தூக்கி ஓரமா வெச்சிட்டா எடம் சரியா வரும். நீங்க அந்தக் காலத்துல இருந்தவரு. எடுத்தா ஏதாவது பிரச்சினை வருங்களா?"

எனக்கு அந்த எழுத்துகளைக் கண்டாலே ஆகாது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் அதே சிவப்பு இதயம், அதே எழுத்து. ஊர்ப் பெயரைக் கழற்றி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்து என்ன பயன்? அவருக்கு மேலே இருந்து சொல்கிறார்கள், அவர் கேட்கிறார்.

"எடுக்கறதுக்கு முன்ன ஒரு நாள் காலைல அங்க போய் நில்லும்மா. பஸ் ஏறப் போற மாதிரி சும்மா நில்லு. அப்புறம் பேசலாம்" என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. 2004-இல் எங்களுக்குச் செயல் அலுவலராக வந்த சகுந்தலா மேடத்துடையது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஷாலினி படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சிவில் டிப்ளமோ படித்தேன், தேர்வு எழுதினேன், மாற்றல் ஆணை வந்த ஊருக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். சாக்கடை, தார்ச்சாலை, மேல்நிலைத் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை. எதைக் கட்டச் சொன்னாலும் டேப்பைப் பிடித்து அளந்து எஸ்டிமேட் போட்டுவிடுவேன். மரக்காணத்துக்கு வந்தபோது தொழிலில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணத்தில்தான் இருந்தேன்.

சகுந்தலா மேடம் திண்டிவனத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். குள்ளமான உருவம், கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. முதல் வாரமே மீனவர் குப்பத்தில் ஒரு தெருக்குழாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

"அங்க போய் நின்னு பாத்தீங்களா, ஏகாம்பரம் சார்?"

"அளந்துட்டேன் மேடம்."

"அளந்தீங்களான்னு கேக்கல. நின்னீங்களா?"

இதென்னடா வம்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை அவரே குடையோடு வந்துவிட்டார். நான் குறித்துவைத்திருந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். வேலை எதுவும் செய்யவில்லை, யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. வெயில் ஏறியது. அந்தப் பக்கம் வந்த ஒவ்வொருவரும் நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் தயங்கி நின்றார்கள். "கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா சார்? வல காயப் போடணும்." அந்த இடத்தில் குழாய் வைத்திருந்தால் சேறாகி, அத்தனை வலையும் பாழாகியிருக்கும். குழாயைத் தெருவின் மறுமுனைக்கு மாற்றினோம். மேடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டுக் கடைசியில் சுனாமி வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. இழந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் மேடம் நின்ற நிலையைப் பார்த்தவன் நான். தற்காலிகக் குடிசைகளை வரைபடத்தில் கோடு போட்டபடி வரிசையாக அடித்துவிட்டுப் போகாமல், எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு இடம் ஒதுக்கினார். அப்போதுதான் நான் அவரை உள்ளபடியே மேடமாக ஏற்றுக்கொண்டேன்.

அலைக்குப் பிறகு எத்தனையோ கைகள் உதவிக்கு நீண்டன. அதில் ஓர் அறக்கட்டளை, ஊருக்குள் ஒரு கலைப்படைப்பு செய்து தருகிறோம் என்று வந்து நின்றது. எனக்குக் கோபம். சாக்கடைக்கு மூடி இல்லாத ஊரில் கலைப்படைப்பு ஒரு கேடா என்று வாய்விட்டே சொன்னேன். மேடம், "அந்தாள வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

வந்தவர் பெயர் ரூபன். சென்னையில் சிற்பம் படித்துவிட்டு, பாண்டிச்சேரிப் பக்கம் இடையஞ்சாவடியில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார். பழைய பைக், முட்டி கிழிந்த பேன்ட். கடற்கரையில் வலை வீசும் மீனவர் சிலை ஒன்று வரும் என்றுதான் ஊரே எதிர்பார்த்தது. அவரோ கடற்கரைப் பக்கமே போகாமல், அந்தக் கோடை முழுக்க எங்கள் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓவர்சியர் சார், அந்த ஆளு மஃப்டி போலீஸா?" என்று கேட்டார்.

எங்கள் ஊருக்கு நகரம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த பஸ் ஸ்டாண்டு ஒன்றுதான். பாண்டிச்சேரி பஸ் ஒரு பக்கம், சென்னை பஸ் ஒரு பக்கம், திண்டிவனம் பஸ் ஒரு பக்கம் என்று எப்போதும் இரைச்சல். உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்கும் பெண்கள், வெயில் உறைக்கும் நேரத்தில் மினி லாரியில் வந்து அங்கே இறங்குவார்கள். பிரம்மதேசம், பெருமுக்கல் பக்கத்து ஊர்க்காரர்கள். காலெல்லாம் உப்புப் பூத்து வெடித்திருக்கும். ஊருக்குப் போகும் பஸ் வரும்வரை புங்க மரத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள். பெஞ்சில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் நானும் போய் வந்தேன்.

ரூபன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து மேடத்தையும் என்னையும் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். புங்க மரத்தடியில் நிறுத்தித் தெற்கே பார்க்கச் சொன்னார். இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் கடைசியில் உப்பளம். வெயிலில் கண் கூசும் உப்புக் குவியல்கள் வரிசையாகத் தெரிந்தன.

"அந்த வரிசையில கடைசிக் குவியல் ஒண்ணு இங்க, ஊருக்குள்ள இருக்கணும் மேடம். உப்புல இல்ல, வெள்ள சிமெண்ட்டுலயும் மார்பிள் பொடியிலயும். இந்த மரத்தடியில நிக்கிறவங்க கண்ணுக்கு அதும் இதும் ஒரே வரிசையா தெரியணும். நான் அவங்களுக்குச் செல செய்யல. அவங்க செஞ்சதைக் கொண்டாந்து ஊர் நடுவுல வெக்கிறேன். அவ்ளோதான்."

மேடம் மரத்தடியில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவரு நின்னு பாத்திருக்காரு சார்" என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கோப்பில் ஒரு சிக்கல். நம் நாட்டில் பொது இடத்தில் சிலை வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. யார் சிலை, எந்தப் பக்கம் பார்க்கிறது, யாருக்கு ஆட்சேபம் என்று ஆயிரம் கேள்வி வரும். "சிலைன்னு எழுதினா ஃபைல் சென்னைக்குப் போயிடும். அது திரும்பி வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ரிடயர் ஆயிடுவோம்" என்றார் மேடம். அதனால் 'எடுத்து வைக்கத்தக்க அலங்கார அமைப்பு' என்று எழுதினோம். உண்மையும் அதுதான். ரூபன் குவியலை மூன்று துண்டாகக் கொட்டகையில் வார்த்து லாரியில் கொண்டுவந்துதான் பொருத்தினார். பொருத்திய அன்று என்னை மரத்தடியில் நிற்கவைத்து, "சொல்லுங்க சார், இன்னும் தள்ளணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கைகாட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, ஒரு கட்டத்தில் பக்கத்துக் குவியலும் தூரத்துக் குவியல்களும் ஒரே வரிசையில் வந்து சேர்ந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை நான் பார்த்த வேலைகளில் எதுவும் அப்படிச் செய்ததில்லை.

ஊர் சிரித்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஓர் ஆடு வந்து நக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. உப்பளத்துப் பெண்கள் முதலில் தள்ளி நின்றே பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரான தனபாக்கியம் அம்மா மட்டும் கிட்டே வந்து ஒரு சுற்று சுற்றினார். "வாரிப் போடாமலே வளந்து நிக்குது பாருடி. மொதலாளி பாத்தா நம்மள வேலைய விட்டே நிறுத்திடுவாரு" என்றார். மரத்தடியே கொல்லென்று சிரித்தது. அடுத்த வாரம் சாப்பாட்டுத் தூக்குகள் குவியலின் அடியில் வந்து உட்கார்ந்தன. அதற்கடுத்து அவர்களும் அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். புடவையை இழுத்துக்கொண்டு நகர அங்கே வேறு யாரும் இல்லை.

வினை பாராட்டின் உருவத்தில் வந்தது. மேலிடத்திலிருந்து பார்வைக்கு வந்த ஒருவருக்குக் குவியல் பிடித்துப்போய்விட்டது. மாவட்டத் தலைநகரில் புதிதாகப் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகான பொருள் தூசியும் புகையுமான பஸ் ஸ்டாண்டில் எதற்கு, பூங்காவில் புல்தரை நடுவே வைத்தால் பெரிய மனிதர்களும் பார்ப்பார்களே என்று எண்ணம். எடுத்து வைக்கத்தக்கது என்று நாங்களே எழுதியிருந்தோம். ஆகவே எடுத்து வைக்கச் சொல்லி ஆணை வந்தது. மேடம் எழுதிய பதில்கள் எடுபடவில்லை.

நான்தான் இடையஞ்சாவடிக்குப் போய் ரூபனிடம் சொன்னேன். களிமண் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அங்க கொண்டு போனா அது வெறும் வெள்ள மேடு சார். அதுக்கு எதிர்ல உப்பளம் கெடையாது. அதுல சாயறதுக்கு அவங்க கெடையாது. வேணும்னா இங்கயே ஒடச்சுப் போட்டுடுங்க. கொண்டு மட்டும் போவாதீங்க."

"நீ வந்து ஒரு வார்த்த பேசேன்பா."

"என் பேச்ச யாரு கேப்பாங்க? அதத் தூக்கறத என்னால பாக்க முடியாது சார்."

ஐப்பசி தொடக்கம். கிரேன் வந்தது, லாரி வந்தது, மேற்பார்வைக்கு மேலிடத்திலிருந்து வேறோர் அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்திப் பேசாதவர். வானம் கறுத்திருந்ததால் கிரேன் டிரைவர் அவசரப்பட்டார். சங்கிலியை எடுத்து வைத்தார்கள். மேடம் குடையை விரிக்காமல் புங்க மரத்தடியில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மழை தடதடவென்று இறங்கியது. எல்லோரும் டீக்கடைக்குள் ஓடினோம். அந்த நேரம் பார்த்து மினி லாரி வந்து நின்றது. உப்பளத்தில் பருவம் முடிகிற சமயம். குவியல்களை மழைக்கு மூடிவிட்டு வந்திருக்கிறார்கள். மிச்சமான தார்ப்பாயும் பனையோலையும் கயிறும் லாரியிலேயே கிடந்தன. பெண்கள் குதித்து இறங்கினார்கள். மழையில் வெள்ளையாக, மூடாமல், ஒரு குவியல்.

"ஐயோ, இத வுட்டுட்டோமேடி! பாயை எடு, பாயை எடு!"

யார் கத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்மூடித் திறப்பதற்குள் தார்ப்பாய் இறங்கியது. நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பேர் அடியிலிருந்து மேலாக ஓலையை அடுக்கினார்கள். ஒருவர் கிரேன் சங்கிலியைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். பாதி மூடிய பிறகுதான் ஓர் இளம்பெண் கையை எடுத்துவிட்டு நின்றாள்.

"ஏய்! இது சிமெண்ட்டு குவியல்டி!"

பிறகு மழையைவிடப் பெரிய சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் சிலர். நானும் சிரித்தேன். தனபாக்கியம் அம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஆனால் கையிலிருந்த கயிற்றை விடவில்லை.

"சரி சரி, இருக்கட்டும். கை வெச்சது வெச்சாச்சு, முடிச்சுட்டே போவோம்" என்றவர், டீக்கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "இன்னா சார் வேடிக்க பாக்குற? இந்தக் கயித்தப் புடி."

போனேன். பிடித்தேன். நான் கட்ட ஆரம்பித்ததும் கையில் ஒரு தட்டு தட்டினார். "வாடக்காத்து பக்கம் மொதல்ல கட்டு சார். இல்லன்னா பிச்சுக்கினு போயிடும்." பக்கத்தில் இன்னொரு கை கயிற்றைப் பிடித்தது. சகுந்தலா மேடம். புடவை முழுக்க நனைந்திருந்தது.

கட்டி முடித்ததும் மேடம் டீக்கடைக்குத் திரும்பிப் போய் அதிகாரியிடம் தன் குடையை நீட்டினார். "சார், ஒரே ஒரு தடவ அங்க போய் நின்னு பாத்துட்டு வர்றீங்களா?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு குடையை வாங்கிக்கொண்டு போனார். புங்க மரத்தடியில் நின்று, மூடிய குவியலையும் தாண்டிச் சந்தின் வழியே தெற்கே பார்த்தார். அங்கேயும் மூடிய குவியல்கள். அதே ஓலை, அதே கட்டு, ஒரே வரிசை.

"ஏம்மா, இது உப்பு இல்லன்னு தெரியுமில்ல?" என்று தனபாக்கியம் அம்மாவிடம் கேட்டார்.

"தெரியுங்க சார்."

"அப்புறம் ஏம்மா மூடுறீங்க?"

"மழ வருதுங்களே சார்" என்றார் அந்த அம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அதிகாரி திரும்பி வந்து குடையைக் கொடுத்தார். டீ கேட்டு வாங்கிக் குடித்தார். "கிரேன அனுப்பிடுங்க மேடம். இது எடுத்து வைக்கக்கூடிய பொருள் இல்ல. நான் அப்டியே எழுதிடறேன்" என்றார். சொன்னபடியே எழுதினார். பிறகு அந்தப் பூங்காவுக்கு இரண்டு சிமெண்ட் மான்கள் வந்தன என்று கேள்விப்பட்டேன். அவையும் நன்றாக இருக்கட்டும்.

மழை விட்டதும் ரூபனுக்கு ஆள் அனுப்பினேன். பைக்கில் வந்து இறங்கியவர், தன் வேலை ஓலைக்குள் ஒளிந்துகிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். கயிற்றின் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக, "மழைய நான் யோசிக்கவே இல்ல சார். பாதிதான் செஞ்சு வெச்சிருந்தேன் போல" என்றார். ஓலையை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தை பிறந்து உப்பளத்தில் குவியல்களின் ஓலையைப் பிரித்த அன்று பெண்கள் வந்து இதையும் பிரித்தார்கள். அதிலிருந்து ஆண்டுதோறும் அப்படித்தான். ஐப்பசியில் மூடுவார்கள், தையில் பிரிப்பார்கள். யாரும் ஆணை போடவில்லை.

2006-இல் மேடத்துக்கு மாற்றல் வந்தது. அலுவலக ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குவியலில் சாய்ந்து உட்கார்ந்து திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பஸ் வந்துவிட்டது. இங்கே சொல்கிறேன்: நன்றி மேடம். உங்களுக்கு முன் நான் ஊரை அளந்துகொண்டுதான் இருந்தேன். ரூபனுக்கும், என் கையில் தட்டிய தனபாக்கியம் அம்மாவுக்கும் நன்றி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று ஷாலினி மறுபடி கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரி காலைல போய் நின்னேன்."

"சரிம்மா. என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்க விடலைங்க ஐயா. மழ புடிச்சுக்கிச்சு. ஒரு அம்மா ஓடியாந்து, 'இன்னா பொண்ணு நிக்கிற, இந்தக் கயித்தப் புடி'ன்னு கையில குடுத்துட்டாங்க. புடிச்சேன்." மூச்சு வாங்கினார். "போர்டு எங்க வெக்கிறதுன்னு இன்னும் தெரியலைங்க ஐயா. ஆனா அங்க இல்ல."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "நல்லா இறுக்கிக் கட்டினியா?" என்றேன்.

"கட்டிட்டோம் ஐயா. வாடக்காத்து பக்கம் மொதல்ல கட்டணுமாம்" என்றார் ஷாலினி.